பதினேழாம் ஜோடி

எங்கள் டெலிபோன் ஓய்வூதியர் சங்கம் ஆண்டு மலர் போடுகிறது. ஆளுக்கு நான்கு பக்கம், பணிக்கால அனுபவம் எழுதித் தர வேண்டுமாம். சென்ற மலரைப் புரட்டிப் பார்த்தேன். எல்லோரும் புயலில் கம்பம் ஏறியிருக்கிறார்கள். எல்லோரும் பாராட்டு வாங்கியிருக்கிறார்கள். ஒருவர்கூட ஒரு தப்புச் செய்யவில்லை. அப்படியானால் நாற்பது வருடமாக ஊர்க்காரர்கள் எங்களைத் திட்டியது எதற்கு என்று எனக்குச் சிரிப்பு வந்தது. நானும் கம்பம் ஏறியவன்தான். பாராட்டுத் தாள் ஒன்று என் பெட்டியிலும் கிடக்கிறது. அதை வாங்கியது எப்படி என்று எழுதுகிறேன். செயலாளர் மலரில் போடுவாரோ கிழித்துப் போடுவாரோ, அது அவர் பாடு.

எழுத வைத்தது மலர் மட்டும் இல்லை. போன மாதம் சேரன்மகாதேவியில் பழைய செம்புக் கேபிள்களைப் பிடுங்க வந்த மேஸ்திரி ஒருவர் எனக்குப் போன் செய்தார். இப்போது எல்லாம் கண்ணாடி இழை. செம்பு வேண்டாத பொருளாகிவிட்டது.

"அண்ணாச்சி, கால்வாக்கரையில நிக்க இரும்புப் பெட்டி தொறக்க மாட்டேங்கு. செல்லையா அண்ணாச்சிக்குத்தான் அதோட சூட்சுமம் தெரியும்னு எல்லாரும் சொல்லுதாவ" என்றார்.

போனேன். கதவின் கீழ் மூலையில் ஒரு மிதி, மேல் மூலையில் ஒரு இழுப்பு, அவ்வளவுதான் சூட்சுமம். கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருந்தது. என் கையெழுத்து. ஒன்று முதல் நூறு வரை ஜோடிக் கம்பிகள், எதிரே எந்த வீடு என்ற விவரம். பதினேழுக்கு எதிரே ஒரு வீட்டை அடித்து இன்னொரு வீடு எழுதி, அதையும் அடித்து மறுபடி முதல் வீட்டையே எழுதியிருந்தேன்.

"என்ன அண்ணாச்சி, இந்த ஒண்ணுல மட்டும் இம்புட்டு அடிச்சிருக்கு?" என்று மேஸ்திரி கேட்டார்.

"கை தவறிட்டு" என்றேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தது குழி தோண்ட. பிறகு கம்பம் நட்டேன், கம்பி இழுத்தேன். கேபிள் இணைக்கும் பயிற்சிக்கு அனுப்பினார்கள், தேறி வந்தேன். பயிற்சியைப் பற்றி அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. சாப்பாடு நன்றாக இருந்தது. எங்கள் தொழில் அப்போது முழுக்கக் காதுத் தொழில். ரிசீவரைக் காதில் வைத்தால் போதும், இரைச்சலின் தினுசை வைத்தே ஈரம் எங்கே, அறுப்பு எங்கே, எந்த வீட்டில் எறும்பு கூடு கட்டியிருக்கிறது என்று சொல்லிவிடுவேன். அந்தத் தலைக்கனம் எனக்கு நிறைய உண்டு.

பிறகு பிராட்பேண்ட் வந்தது. அதே கம்பியில் பேச்சோடு சேர்த்து இணையமும் போக வேண்டும். காதுக்காரர்கள் எல்லோரும் கவிழ்ந்தோம். பேச்சு மாட்டு வண்டி மாதிரி, எந்தத் தடத்திலும் போய்விடும். இணையம் அப்படி இல்லை. காதுக்குச் சுத்தமாக இருக்கும் கம்பியில் அது தடுக்கித் தடுக்கி விழும். "லைன் நல்லாத்தானய்யா இருக்கு, பேசிப் பாரும்" என்று நாங்கள் சொல்ல, "பேச்சு கெடக்கட்டும், நெட் வரலையே" என்று அவர்கள் சொல்ல, ஒரு வருடம் இப்படியே சண்டையில் போனது.

ஆனால் நான் கற்றுக்கொண்டேன். அதை மறைக்க வேண்டியதில்லை. வேகம் இல்லை என்று ஒரு வீட்டில் சொன்னால் முதலில் வீட்டுக்குள் இருக்கும் எல்லாப் போனையும் கழற்ற வேண்டும். நம் வீடுகளில் கூடத்தில் ஒன்று, அடுப்படியில் ஒன்று, மாடியில் ஒன்று என்று கொடி போல இழுத்து வைத்திருப்பார்கள். அத்தனையையும் நீக்கி, வெளியிலிருந்து கம்பி நுழைகிற இடத்திலேயே மோடத்தை நேராக மாட்டிப் பார்க்க வேண்டும். வேகம் ஏறினால் குற்றம் வீட்டுக்குள். ஏறாவிட்டால் கம்பத்துக்குப் போக வேண்டும். அங்கே முறுக்கி விட்ட ஒட்டுகள் பச்சை பூத்துக் கிடக்கும். வெட்டி எறிந்து புதிதாக இணைக்க வேண்டும். அதிலும் சரிவராவிட்டால் கால்வாய்க்கரைப் பெட்டி. ஒவ்வொரு ஜோடியாகச் சோதித்து ஈரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எதுவுமே முடியாவிட்டால் எக்ஸ்சேஞ்சில் சொல்லி வேகத்தைக் கொஞ்சம் குறைத்துக் கட்டிவிடலாம். ஓடி விழுவதைவிட நடந்து போய்ச் சேர்வது மேல். முறையாகச் செய்தால் ஒரு வீட்டுக்கு அரை நாள் ஆகும்.

ஈரம்தான் எங்கள் சனியன். கேபிள் கால்வாய்க்கரை ஓரமாகவே போகிறது. ஆற்றிலிருந்து கால்வாயில் தண்ணீர் திறந்தால் கரை ஊறும், கரைக்குள் இருக்கும் பழைய இணைப்பும் ஊறும். பிசான நெல் சாகுபடிக்குத் தண்ணீர் வந்தால் ஊரே சந்தோஷமாக வயலில் இறங்கும். நான் மட்டும் தலையில் கை வைத்து உட்காருவேன். தண்ணீர் அடைக்கும் வரை கரையைத் தோண்டவும் முடியாது. நூறு ஜோடியில் பாதிக்குமேல் நனைந்துவிடும். எது நனையும், எது நனையாது என்று எனக்கு மனப்பாடம். நனையாதவற்றில் முதலாவது பதினேழு.

எங்கள் அதிகாரியின் பெயர் ஞானமுத்து. குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. காலை ஒன்பதரைக்கு நாற்காலியில் உட்கார்ந்து, பென்சிலைச் சீவி, புகார்த் தாளை முன்னால் வைத்துக்கொள்வார். மூன்று நாளுக்கு மேல் எந்தப் புகாரும் தாளில் நிற்கக் கூடாது. நின்றால் மேல் அலுவலகத்திலிருந்து அவருக்குப் போன் வரும். தாளில் உள்ளதை ஒவ்வொன்றாக, பூசை மந்திரம் போலத் தாழ்ந்த குரலில் வாசிப்பார்.

"சன்னதித் தெரு, ரெண்டு நாள். ரைஸ்மில் தெரு, நாலு நாள். இது ஆருது வே?"

"என்னுதுதான் சார். கால்வால தண்ணி. தோண்ட முடியல."

பென்சிலால் அந்த வரியை இரண்டு தட்டுத் தட்டுவார். "முடியலன்னு சொல்லாதிரும் செல்லையா. ஏதாவது வழி இருக்கும்லா? பையப் பாரும்."

அவ்வளவுதான். மாலையில் நான் 'சரி செய்யப்பட்டது' என்று எழுதிக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார். என்ன வழி என்று ஒருநாளும் கேட்கமாட்டார். கேட்காமல் இருந்தாரே, அதுதான் அவர் போட்ட உத்தரவு. எனக்கு அது ரொம்ப நாள் விளங்கவில்லை. விளங்கிய பிறகு வசதியாக இருந்தது.

வழி இதுதான். பெட்டியைத் திறந்து, புகார் சொன்ன வீட்டின் நனைந்த கம்பியைக் கழற்றி, புகார் சொல்லாத ஒரு வீட்டின் நல்ல கம்பியை எடுத்து இவருக்குப் போட்டு, அவருக்கு நனைந்ததைக் கொடுத்துவிடுவது. பத்து நிமிட வேலை. கோளாறு போகாது, தெருவை மாற்றிக்கொள்ளும். பேச மட்டும் போன் வைத்திருக்கும் வீடாகப் பார்த்து எடுத்தால் அவர்களுக்குக் கொஞ்சம் இரைச்சல், அவ்வளவுதானே என்று நினைப்போம். நான் மட்டும் இல்லை, எல்லோரும் செய்தோம். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். அந்தப் பால் அழாத பிள்ளையின் வாயிலிருந்து எடுத்தது என்பதை மட்டும் நாங்கள் சொல்வதில்லை.

ரஹ்மத் பீவியின் வீட்டுக்கு நான் முதலில் போனது இதெல்லாம் பழகிய பிறகுதான். பள்ளிவாசலுக்குப் பின்னால் வீடு. கணவர் மைதீன் பாய் பஜாரில் மளிகைக் கடை வைத்திருந்தவர். சிறுநீரகம் கெட்டு, கடையை விட்டுவிட்டுக் கட்டிலோடு இருந்தார். ஒரே மகன் ஷேக். பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. பாளையங்கோட்டையில் படித்து, தையல் கற்று, ஷார்ஜாவில் ஒரு தையற்கூடத்தில் இருந்தான். அவன் அனுப்பிய கம்ப்யூட்டரும் கேமராவும் கூடத்தில் மேசைமேல் இருந்தன. கையில் அடங்குகிற போனில் முகம் பார்த்துப் பேசுகிற காலம் இன்னும் எங்கள் ஊருக்கு வரவில்லை.

ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தேன். சுத்தம். வேகம் பார்த்தேன், சுமாராக இருந்தது. "லைன் நல்லாத்தான இருக்கும்மா" என்றேன்.

"நல்லாருக்குங்கிய. எம் புள்ளைக்குக் கை தெரியலயே" என்றார் அந்த அம்மாள்.

எனக்குப் புரியவில்லை. அப்போதே அவனைக் கூப்பிட்டுக் காட்டினார். திரையில் ஷேக் வந்தான். இவர் கையை அசைத்தார். அவன் முகத்தைச் சுளித்து, மறுபடி சொல் என்பதுபோல் சைகை காட்டினான். அவனிடமிருந்து வரும் படம் ஓரளவு ஓடியது. இங்கிருந்து அவனுக்குப் போகும் படம்தான் நின்று நின்று போனது. நாங்கள் எல்லோரும் வீட்டுக்கு வரும் வேகத்தைத்தான் பார்ப்போம். வீட்டிலிருந்து போகும் வேகத்தை யாரும் கேட்டதும் இல்லை, நாங்கள் பார்த்ததும் இல்லை. பேசுகிறவர்களுக்குக் குரல் போனால் போதும். இவர்களுக்குக் கைதான் குரல்.

"எழுதி அனுப்பலாமே" என்று கேட்டேன்.

"எனக்கு எழுத்து தெரியாது அண்ணாச்சி. அவுகளுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. அடுத்த வீட்டுப் புள்ளதான் வாசிச்சுச் சொல்லும். எல்லாத்தையும் அடுத்த வீட்டுக்குச் சொல்ல முடியுமா?"

அன்றைக்கு நான் முறையாக வேலை செய்தேன். கம்பத்தில் ஒட்டுகளை வெட்டி எறிந்தேன். வீட்டுக்குள் புதுக் கம்பி இழுத்தேன். பெட்டியில் ஆளில்லாமல் கிடந்த பதினேழாம் ஜோடியை எடுத்து அவர்களுக்குப் போட்டேன். மறுபடி கூப்பிட்டபோது ஷேக் தன் தாயின் கைகளைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தான். அவர்கள் இருவரும் அரைமணி நேரம் பேசினார்கள், சத்தமே இல்லாமல். நான் தேநீர் குடித்துக்கொண்டு பார்த்தபடி இருந்தேன். என் வேலையைப் பற்றி எனக்குப் பெருமையாக இருந்த கடைசி நாள் அதுதான் என்று நினைக்கிறேன்.

என் போன் எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். "என்னமும்னா எனக்கே நேரா அடிங்க, ஆபீசுக்கு அலையாண்டாம்" என்றேன். நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன்.

அடுத்த பிசானத்துக்குத் தண்ணீர் திறந்தார்கள். மேட்டுத் தெருவில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், மாடி வீடு. அவர் எங்கள் ஆபீசுக்குப் புகார் சொல்லவில்லை, நேரே மேல் அலுவலகத்தில் இருந்த தன் நண்பருக்குச் சொல்லிவிட்டார். மறுநாள் காலை ஞானமுத்து சார் தாளில் அந்த ஒரு வரியை மட்டும் வாசித்தார். பென்சிலால் தட்டவில்லை. பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

"செல்லையா, மேல இருந்து ரெண்டு தடவ கேட்டுட்டாங்க. சனிக்கெழம வரைக்கும் அந்த லைன அங்கருந்தே டெஸ்ட் பண்ணிப் பாப்பாங்களாம். ஏதாவது வழி இருக்கும்லா?"

பெட்டி முன்னால் போய் நின்றேன். அந்த முறை தண்ணீர் அதிகம், நனையாத ஜோடிகள் ஏழெட்டுதான் மிச்சம். ஒன்று வங்கி, ஒன்று ஆஸ்பத்திரி, ஒன்று காவல் நிலையம். இரண்டு கட்சிக்காரர்கள். ஒருவர் வக்கீல், அவர் தாளில் ஏறினால் இறங்கமாட்டார். கடைசியாகப் பதினேழு.

நான் ஏன் அதை எடுத்தேன் என்பதை ஒளிக்காமல் எழுத வேண்டும். அவர்கள் ஏழை என்பதாலோ வேற்று மதம் என்பதாலோ இல்லை. நான் அவர்களுக்கு நல்லவனாக இருந்ததால் எடுத்தேன். லைன் கெட்டால் அந்த அம்மாள் ஆபீசுக்குப் புகார் சொல்லமாட்டார், எனக்குத்தான் போன் செய்வார். எனக்கு வரும் போன் தாளில் ஏறாது. என்னை நம்பியவர் ஒருவர் இருக்கிறார், அவரிடமிருந்து எடுத்தால் யாருக்கும் தெரியாது என்று கணக்குப் போட்டேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பெட்டிக் கதவுத் தாளில் எழுதியிருந்த பள்ளிவாசல் வீட்டை அடித்துவிட்டு மேட்டுத் தெரு என்று எழுதினேன்.

மறுநாளே போன் வந்தது.

"அண்ணாச்சி, படம் நிக்கி."

"கால்வால தண்ணி வுட்டிருக்கான்லாம்மா. கொஞ்ச நாள் பொறுங்க."

"எத்தன நாளு? அவுகளுக்கு ரொம்ப முடியல. புள்ளைக்கு லீவு தரமாட்டேங்கான் மொதலாளி."

"வாரேன், வந்து பாக்கேன்" என்றேன்.

வியாழக்கிழமை போனேன். செய்வதற்கு அங்கே ஒன்றும் இல்லை என்று தெரிந்தே போனேன். பையைத் திறந்து கருவிகளையெல்லாம் தரையில் பரப்பினேன். சாக்கெட்டைக் கழற்றி, சுத்தமாக இருந்ததை மறுபடி துணியால் துடைத்தேன். நான் போட்ட புதுக் கம்பியின் நுனியை வெட்டி, மறுபடி சீவி, மறுபடி முறுக்கினேன். மோடத்தை அணைத்து, பத்து எண்ணி, போட்டேன். நெற்றியில் வேர்வை வந்தது. அதைப் பார்த்து அந்த அம்மாள் விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தார்.

மைதீன் பாய் கட்டிலில் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கால் வீங்கியிருந்தது. மடியில் இரண்டு கைகளையும் வைத்து, விரல்களை மடக்குவதும் நீட்டுவதுமாக இருந்தார். ஏதோ வலிக்கு உருவிக்கொள்கிறார் என்று நினைத்தேன்.

"என்ன பாய், கை கடுக்கா?"

"இல்ல செல்லையா. பாடம் படிக்கேன்" என்று சிரித்தார். "அவ உம்மாவும் மவனுமாக் கையிலயே பேசிக்கிடுவாவ. நான் கடை கடைன்னு கெடந்துட்டேன், ஒண்ணும் படிக்கல. என்ன சொல்லணும்னாலும் அவ மூலமாத்தான். இப்ப ஒரு மாசமா அவட்ட ஒரே ஒரு வார்த்த படிச்சிக்கிட்டு இருக்கேன்."

"என்ன வார்த்த?"

விரல்களை நிறுத்தினார். "அவனுக்கு மூணு வயசு. பேர் சொல்லிக் கூப்புட்டா திரும்பிப் பாக்கமாட்டான். திமிருன்னு நெனச்சேன். வெறகு எடுத்து அடிச்சேன் வே. ஒரு நாளு ரெண்டு நாளு இல்ல. காது கேக்காதுன்னு பொறவுல்லா தெரிஞ்சுது. அவனுக்கு நெனப்பு இருக்கும். என்னயக் கண்டா இப்பவும் செத்த ஒதுங்கித்தான் நிப்பான். அதுக்கு மன்னிப்புக் கேக்கணும்."

"உங்களுக்கு எழுதத் தெரியும்லா. அவனும் வாசிப்பான். எழுதிப் போடுங்களேன்."

"எழுதுனா அது கடைக்காரன் எழுதுன மாதிரி இருக்கும். அவன் பாசையில, என் கையால சொல்லணும். ரெண்டு நாளாச் சொல்லிப் பாக்கேன். படம் நிக்காம். என் கை அவனுக்குத் தெரியலங்கான்."

"சரியாக்கித் தாரேன் பாய்" என்றேன். அந்த நேரத்தில் அதை உண்மையாகத்தான் சொன்னேன்.

அங்கிருந்து நேரே மேட்டுத் தெருவுக்குப் போனேன். பெரியவரிடம் ஏதாவது சாக்குச் சொல்லி, இரண்டு நாளைக்குக் கம்பியை மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கேட்டில் பெரிய பூட்டு. எதிர்வீட்டுக்காரர் சொன்னார்: "சார் முந்தாநாளே கெளம்பிட்டாரே. மவன் கூட அமெரிக்காவுல ஆறு மாசம்."

ஊரிலேயே நல்ல கம்பி ஒரு பூட்டிய வீட்டுக்குப் போய் நின்றுகொண்டிருந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது, இதை எழுதவே கூசுகிறது. யாருக்கும் நஷ்டம் இல்லாமல் திருப்பிப் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். கால்வாய்க்கரைக்கு சைக்கிளை விட்டேன். பெட்டியைத் திறந்தேன். பதினேழில் கை வைத்தேன். அப்போது ஞாபகம் வந்தது, சனிக்கிழமை வரை மேலே இருந்து சோதித்துப் பார்ப்பார்கள் என்று. ஆள் இல்லாவிட்டாலும் கம்பியின் ஈரம் அங்கே தெரிந்துவிடும். தெரிந்தால் ஞானமுத்து சாருக்குப் போன் வரும். அவர் என்னைத் திட்டமாட்டார், பென்சிலைக் கீழே வைப்பார். அந்தப் பென்சிலை நினைத்துப் பெட்டியை மூடினேன். திங்கட்கிழமை முதல் வேலையாக இதைச் செய்வது என்று முடிவு செய்தேன். ஒரு மாதம் படித்தவர் இன்னும் நாலு நாள் படிக்கட்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். நான் சொன்ன வார்த்தை இதேதான்.

சனிக்கிழமை காலை மைதீன் பாய் மௌத்தாகிவிட்டார்.

அவர் இறந்த தகவலை எனக்குச் சொன்னது அடுத்த வீட்டுப் பிள்ளை. "ரஹ்மத் சித்தி ஒங்கள வரச் சொன்னாவ. ஷேக் அண்ணன் வாப்பா மொகத்தப் பாக்கணும்னு அழுதாராம். படம் நிக்கி. ளுஹருக்கு முன்னால, மத்தியானத்துக்குள்ள எடுத்துருவாவ."

நான் அந்த வீட்டுக்குப் போகவில்லை. கால்வாய்க்கரைக்குத்தான் ஓடினேன். மேலே இருந்து யார் சோதித்தால் என்ன, யார் பென்சிலை வைத்தால் என்ன. அவசரத்தில் கம்பி இரண்டு முறை நழுவி, பத்து நிமிட வேலைக்குக் கால் மணி ஆனது. மேட்டுத் தெருவை அடித்துவிட்டுப் பள்ளிவாசல் வீடு என்று மறுபடி எழுதினேன். அதன் பிறகு வீட்டுக்குப் போய், கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேசைக்குப் போய் மோடத்தை அணைத்துப் போட்டேன். படம் வந்தது. கண்ணாடி மாதிரி வந்தது.

கேமராவைத் தூக்கி ஜனாஸாவின் முகத்துக்கு நேரே பிடித்தது நான்தான். திரையில் ஷேக் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். அவன் அழுகைக்கு ஒரு சத்தம் இருந்தது. அது ஒலிபெருக்கியில் கூடம் முழுக்கக் கேட்டது. அவன் தகப்பனாரின் கைகள் வெள்ளைத் துணிக்குள்ளே இருந்தன.

ரஹ்மத் பீவி உள்ளறையிலிருந்து திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நீங்க இல்லன்னா எம் புள்ள அவன் வாப்பா மொகத்தப் பாத்திருக்க மாட்டான். அல்லா ஒங்களுக்கு ஒரு கொறையும் வைக்கமாட்டான் அண்ணாச்சி." ஜமாத்துப் பெரியவர்கள் இருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

நான் தலையை ஆட்டினேன். கேமராவை மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

மேலே இருந்து யாரும் சோதிக்கவில்லை. அந்த மூன்று மாதத்தில் எங்கள் தாளில் மூன்று நாளைத் தாண்டிய புகாரே இல்லை என்று ஞானமுத்து சார் என் பெயரைப் பரிந்துரைத்தார். கூட்டம் போட்டுப் பாராட்டுத் தாளைக் கொடுத்தார்கள், கைதட்டினார்கள். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. வழி கண்டுபிடித்தவன் நான். ஒவ்வொரு பெருநாளுக்கும் அந்த வீட்டிலிருந்து தூக்குவாளியில் பிரியாணி வந்தது. வாங்கிக்கொண்டேன். என் பிள்ளைகள் சாப்பிட்டார்கள். ஓய்வு பெற்ற பிறகும் சில வருடம் வந்தது. பிறகு நான் வீடு மாறி அம்பாசமுத்திரம் வந்துவிட்டேன், நல்லதாகப் போயிற்று என்று இருந்தேன்.

பெட்டிக் கதவில் அந்தத் தாளைப் பார்த்த மூன்றாம் நாள் சேரன்மகாதேவிக்கு மறுபடி பஸ் ஏறினேன். என்ன சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் நாலைந்து விதமாக யோசித்தேன். எல்லாமே என்னைக் கொஞ்சம் காப்பாற்றுகிற விதமாகவே வந்தன.

ஷேக் ஊரோடு வந்துவிட்டான். வீட்டின் முன்னறையிலேயே தையல்கடை. கல்யாணமாகி ஒரு பெண் குழந்தையும் இருக்கிறது. என்னைக் கண்டதும் மிஷினை விட்டு எழுந்து, இடது கையை நிமிர்த்தி, அதன்மேல் வலது கையின் இரண்டு விரல்களை ஏணி ஏறுவதுபோல் ஏற்றிக் காட்டினான். அந்த வீட்டில் அதுதான் என் பெயராம். ரஹ்மத் பீவிக்கு முடி முழுக்க நரைத்துவிட்டது. "கண்ணாலயே காணோமே அண்ணாச்சி, கோவமா?" என்றார். நாற்காலி போட்டார்கள். நான் உட்காரவில்லை.

சொன்னேன். தண்ணீர், மேட்டுத் தெரு, பதினேழு, வியாழக்கிழமை சாக்கெட்டைத் துடைத்தது, எல்லாம். மேட்டுத் தெருக்காரர் பெயரும் அவர் வீடு பூட்டிக் கிடந்ததும் சொல்லவில்லை, ஞானமுத்து சார் பெயரும் சொல்லவில்லை.

அந்த அம்மாளுக்கு முதலில் பிடிபடவில்லை. "அன்னைக்கு நீங்கதான வந்து சரியாக்குனிய?"

"எடுத்தவன்தான் திருப்பி வச்சேம்மா."

அவர் வாசல் பக்கம் பார்த்தார். "அவுக சொல்ல நெனச்சத நான் பொறவு இவன்ட்டச் சொல்லிட்டேன்" என்றார். "ஆனா நான் சொல்லுதது வேற, அவுக கையால சொல்லுதது வேறல்லா. ஒரு மாசம் படிச்சாவ."

ஷேக் அவர் தோளைத் தொட்டு என்னவென்று கேட்டான். அவர் சொல்லத் தொடங்கினார். நான் செய்தது அந்தக் கைகளில் எவ்வளவு சின்னதாக இருந்தது. இரண்டு விரலை ஒரு இடத்திலிருந்து பிடுங்கி இன்னொரு இடத்தில் வைத்தார். தாடியை உருவுவதுபோல் காட்டினார், அது வாப்பா. அதன் பிறகு இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, அசையாமல் அப்படியே நிறுத்தினார்.

ஷேக் என் முகத்தைப் பார்த்தான். அடிக்க வருவான் என்று நினைத்தேன், வந்திருந்தால் நின்றிருப்பேன். அவன் தாயிடம் திரும்பி ஒன்று கேட்டான்.

"ஆருக்குக் குடுத்தியன்னு கேக்கான்" என்றார் ரஹ்மத் பீவி. "ஆரும் சீக்காளியான்னு கேக்கான். அவசரமாத் தேவைப்பட்டவுகளான்னு."

பொய் சொல்ல வழி இருந்தது. அவனே எடுத்துக் கொடுத்துவிட்டான்.

"பூட்டிக் கெடந்த வீட்டுக்கும்மா" என்றேன்.

அவர் என்னை முதல்முறையாக நேருக்கு நேர் பார்த்தார். "இத நான் அவன்ட்டச் சொல்லமாட்டேன். நீங்க போய்ட்டு வாங்க."

ஷேக் அவர் கைகளைப் பார்த்தபடி பதிலுக்காகக் காத்திருந்தான். அவர் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டார்.